இன்சஃபிஷியன்ட், இன்அடிக்குவேட், டெஃபிஷியன்ட்: மூன்றும் ‘போதாது’ தானா?

கேள்வி: தரமணி மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் வணக்கம். தரமணியில் உள்ள ஓர் ஆலோசனை நிறுவனத்தில், தமிழில் எழுதப்படும் கள அறிக்கைகளை ஆங்கிலத்தில் பெயர்க்கும் பணியைச் செய்து வருகிறேன். சென்ற வாரம் வேளச்சேரிப் பக்கத்துத் தெரு ஒன்றின் மழைநீர் வடிகாலைப் பற்றிய அறிக்கை வந்தது. அதில், “இந்தத் தெருவின் வடிகால் போதாது, தேங்கும் நீரை இறைக்கும் மோட்டார்களும் போதவில்லை, வடிகாலின் வாட்டமும் குறைபாடுடையது” என்று மூன்று தொடர்கள் அடுத்தடுத்து இருந்தன. (வாட்டம் என்பது நீர் ஓடுவதற்கான சரிவு.) மூன்றுக்கும் இன்சஃபிஷியன்ட் என்ற ஒரே சொல்லை இட்டு அனுப்பினேன். அறிக்கையைத் திருத்திய மேலதிகாரி, முதல் இடத்தில் அதை அடித்துவிட்டு இன்அடிக்குவேட் என்றும், மூன்றாம் இடத்தில் டெஃபிஷியன்ட் என்றும் எழுதி, இரண்டாவதை மட்டும் தொடாமல் திருப்பி அனுப்பினார். காரணம் கேட்டபோது, “வாய்விட்டுப் படித்தால் காதுக்கே தெரியும்” என்றார். நான் இரண்டு முறை வாய்விட்டுப் படித்தேன். என் காதுக்குத் தெரியவில்லை.

அகராதியைத் திறந்தால் முதல் சொல்லுக்கு இரண்டாவதும், இரண்டாவதற்கு மூன்றாவதும், மூன்றாவதற்கு மீண்டும் முதலாவதும் பொருளாகத் தரப்பட்டிருக்கின்றன. போதாக்குறைக்கு ஸ்கேர்ஸ், ஸ்கேன்ட்டி, மீகர், பால்ட்ரி என்று ஒரு கூட்டமே பின்னால் நிற்கிறது. இவற்றுக்குள் உண்மையிலேயே வேறுபாடு உண்டா, அல்லது இது திருத்துபவரின் விருப்பம் மட்டும்தானா? ஒரு மனிதரை இன்அடிக்குவேட் என்று சொல்வது தகுமா என்பதையும் அறிய விரும்புகிறேன்.

பதில் 1: பெரம்பூர், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்

வேறுபாடு உண்டு அம்மா. உங்கள் மேலதிகாரி செய்த திருத்தம் சரியானதே; காரணம் சொல்லாமல் விட்டதுதான் சரியில்லை.

மோட்டாரை முதலில் எடுத்துக்கொள்வோம். அந்தத் தெருவுக்கு நான்கு மோட்டார்கள் வேண்டும், இருப்பதோ இரண்டு என்றால், குறைவது எண்ணிக்கை. எவ்வளவு வேண்டும், எவ்வளவு இருக்கிறது என்று கணக்கிட்டுக் கழித்துப் பார்க்கக்கூடிய குறைவுக்கு இன்சஃபிஷியன்ட் இயல்பாகப் பொருந்தும். வங்கிக் கணக்கில் பணம் இல்லாமல் காசோலை திரும்பும்போது வங்கி தரும் சீட்டில் இந்தச் சொல்தான் இருக்கும். அங்கே வேறு சொல்லை யாரும் எழுதமாட்டார்கள். வடிகாலின் நிலை வேறு. வடிகால் இருக்கிறது, முழு நீளத்துக்கும் இருக்கிறது, ஆனால் கார்த்திகை மாதத்து மழை ஒரு மணி நேரம் விடாமல் அடித்தால் அதனால் சமாளிக்க முடியவில்லை. இங்கே குறைவது அளவு மட்டும் அன்று, செய்ய வேண்டிய வேலைக்கும் பொருளுக்கும் உள்ள பொருத்தம். அதற்குத்தான் இன்அடிக்குவேட்.

இந்தச் சொல்லின் வேரைப் பார்த்தால் ஐயம் தீர்ந்துவிடும். அடிக்குவேட் என்பதற்குள் ஈக்குவல் என்ற சொல்லின் அதே இலத்தீன் வேர் ஒளிந்திருக்கிறது. ஒன்றோடு சமமாக்கப்பட்டது என்பது அதன் முதற்பொருள். அப்படியானால் இன்அடிக்குவேட் என்பது, எதிரே நிற்பதற்குச் சமமாகாதது. தமிழில் இதற்கு நம்மிடம் கைவசம் இருக்கும் சொல் ‘போதாது’ அன்று, ‘ஈடுகொடுக்காது’ என்பதே. ஈடு என்றால் சமம், ஒப்பு. மழைக்கு ஈடுகொடுக்காத வடிகால் என்று சொல்லிப் பாருங்கள், வேர் முதற்கொண்டு பொருந்துகிறது. நாற்பதாண்டு வகுப்பறையில் இதைச் சொல்லி வந்தபோதெல்லாம் மாணவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வருவதைக் கண்டிருக்கிறேன்; எந்த இலக்கண விதியும் அந்த வெளிச்சத்தைக் கொண்டுவந்ததில்லை.

இதனால்தான் இன்அடிக்குவேட் என்ற சொல்லுக்குப் பின்னால் பெரும்பாலும் ஃபார் அல்லது டு வந்து, எதற்கு என்ற கேள்விக்கு விடை சொல்லும். டெஃபிஷியன்ட் என்ற சொல்லுக்குப் பின்னால் வருவது இன். எதில் குறை என்று அது சொல்கிறது: இரும்புச்சத்தில் குறை, தழைச்சத்தில் குறை. ஒரு பொருளுக்குள் இருந்தாக வேண்டிய ஒன்று, இருக்க வேண்டிய நெறிமுறை அளவுக்கு இல்லை என்பது அதன் குறிப்பு. இதே வேரிலிருந்து வந்த டெஃபிசிட் என்பதைத் தமிழில் பற்றாக்குறை என்கிறோம், டெஃபிஷியன்சி என்பதைக் குறைபாடு என்கிறோம். நிதிப் பற்றாக்குறை, ஊட்டச்சத்துக் குறைபாடு என்று நாளிதழ்கள் மாற்றாமல் எழுதிவருவதைக் கவனித்திருப்பீர்கள். முதலாவது தொகையில் விழும் துண்டு, இரண்டாவது உடம்பில் இருக்கும் குறை. யாரும் கூடி முடிவுசெய்யாமலேயே தமிழ் இந்த வேறுபாட்டைக் காத்து வருகிறது.

பதில் 2: பாரிமுனை, சட்டப் பணியாளர்

ஆசிரியர் ஐயா சொன்ன ‘ஈடு’ என்ற சொல்லைப் படித்தவுடன் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கள் துறையில் இந்த மூன்று சொற்களும் ஒன்றுக்கொன்று இடம் விட்டுக்கொடுக்காமல் தனித்தனியே நிற்கின்றன.

ஆங்கிலேயரின் ஒப்பந்தச் சட்டத்தில் பழமையான ஒரு கோட்பாடு உண்டு: ஒப்பந்தத்துக்குக் கைமாறாகத் தரப்படும் பொருள் சஃபிஷியன்ட் ஆக இருக்க வேண்டும், ஆனால் அடிக்குவேட் ஆக இருக்க வேண்டியதில்லை. முதன்முதலில் படித்தபோது இது விளையாட்டாகத் தோன்றியது. சட்டத்தின் கண்ணில் ஏதேனும் ஒரு மதிப்பு இருந்தால் அது சஃபிஷியன்ட். விற்கும் பொருளின் மதிப்புக்கு அது ஈடாக இருந்தால்தான் அடிக்குவேட். ஒரே ஒரு மிளகை வாடகையாகப் பெற்றுக்கொண்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டாலும் ஒப்பந்தம் செல்லும் என்பதை அங்கே ‘மிளகு வாடகை’ என்றே அழைப்பார்கள். நம் நாட்டு 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் 25ஆம் பிரிவில் இதைத் தன் வழியில் சொல்கிறது. ஆயிரம் ரூபாய் பெறுமான குதிரையைப் பத்து ரூபாய்க்கு விற்க ஒருவர் தாமாக இசைந்தால், விலை இன்அடிக்குவேட் ஆனாலும் ஒப்பந்தம் செல்லும் என்று அந்தப் பிரிவே எடுத்துக்காட்டு தருகிறது. இசைவு தாமாகத் தரப்பட்டதா என்று ஆராயும்போது மட்டும் அந்த ஈடின்மையை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம். அந்த இடத்தில் இன்சஃபிஷியன்ட் என்று எழுதினால் பொருளே தலைகீழாகிவிடும்.

காசோலையைப் பற்றி ஐயா குறிப்பிட்டதும் சரியே. 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவின் தலைப்பிலேயே இன்சஃபிஷியன்சி என்று அந்தச் சொல் இருக்கிறது.

டெஃபிஷியன்சி என்ற சொல் நுகர்வோர் வழக்குகளின் உயிர்நாடி. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளில் உள்ள குறையை டிஃபெக்ட் என்றும், சேவையில் உள்ள குறையை டெஃபிஷியன்சி என்றும் பிரித்து விளக்கம் தருகிறது. இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. பிழை, நிறைவின்மை, குறை ஆகிய மூன்றையும் இரண்டு விளக்கங்களிலும் வைத்துவிட்டு, சேவையின் விளக்கத்தில் மட்டும் இன்அடிக்குவசி என்ற நான்காவது சொல்லையும் சேர்த்திருக்கிறார்கள். சட்டத்தை எழுதியவர்கள் என்ன நினைத்தார்களோ, என் வாசிப்பு இது: மின்விசிறியில் கோளாறு இருக்கலாம், ஆனால் ஈடுகொடுக்காமல் போவது பெரும்பாலும் ஒருவர் செய்யும் வேலைதான்.

பதில் 3: கீழ்ப்பாக்கம், ஆய்வகப் பணியாளர்

இருவரின் விளக்கங்களும் அழகாக இருக்கின்றன. ஆனால் எங்கள் ஆய்வகத்துக்குள் வந்தால் அவை அப்படியே நிற்கமாட்டா என்பதைப் பணிவுடன் சொல்ல வேண்டியிருக்கிறது.

வைட்டமின் டி பரிசோதனை அறிக்கையைப் பார்த்திருப்பீர்கள். ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் டெஃபிஷியன்ட் என்றும், அதற்கு மேல் 30க்குள் இருந்தால் இன்சஃபிஷியன்ட் என்றும் பல அறிக்கைகளில் அச்சிடப்பட்டிருக்கும். இந்த எல்லைக்கோடுகளைப் பற்றி மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பது வேறு செய்தி. சொல்லை மட்டும் பாருங்கள்: இரண்டும் ஒரே பொருளை, ஒரே அலகில் அளக்கின்றன. எதில் குறை, எவ்வளவு குறை என்ற வேறுபாடு இங்கே இல்லை. கடுமையான குறைவுக்கு ஒரு சொல், இலேசான குறைவுக்கு இன்னொரு சொல், அவ்வளவுதான். அறிக்கையைக் கையில் வாங்கும் பெரியவர்கள் இரண்டுக்கும் ‘குறைபாடு’ என்றே பொருள் கொண்டு அஞ்சுவதை நாள்தோறும் பார்க்கிறேன். ‘குறைபாடு’, ‘போதிய அளவில் இல்லை’ என்று தமிழில் இரண்டாகப் பிரித்துச் சொன்னால் பாதி அச்சம் அடங்கிவிடும்.

இன்னொன்று. இதயத்தின் வால்வு முழுமையாக மூடாமல் இரத்தம் பின்னோக்கிக் கசிந்தால் அதையும் இன்சஃபிஷியன்சி என்றே மருத்துவ ஆங்கிலம் அழைக்கிறது. நம் ஊரில் எல்லோரும் ‘வால்வு லீக்’ என்கிறோமே, அதுதான். அங்கே எண்ணிக் கழிப்பதற்கு எதுவும் இல்லை. வால்வுகள் எண்ணிக்கையில் குறையவில்லை. தன் வேலையை முழுமையாகச் செய்ய இயலவில்லை என்ற பொருளில்தான் சொல் வருகிறது. ஆசிரியர் ஐயாவின் கணக்குப்படி அது இன்அடிக்குவேட் ஆக இருந்திருக்க வேண்டும் அல்லவா?

பதில் 4: வில்லிவாக்கம், ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்

வாட்டத்தைப் பற்றியும், கடைசியில் நிற்கும் அந்தச் சொற்கூட்டத்தைப் பற்றியும் மட்டும் எழுதுகிறேன்.

பொறியியலில் டெஃபிஷியன்ட் என்பது விதிக்கப்பட்ட அளவுக்குக் கீழே இருப்பதைக் குறிக்கும். அமெரிக்கப் பாலங்களை ஆய்வு செய்வோர் நெடுங்காலமாக இரண்டு முத்திரைகளைப் பயன்படுத்தினர். பாலத்தின் முக்கியமான உறுப்பு ஒன்று மோசமான நிலையில் இருந்தால் அது ஸ்ட்ரக்சுரலி டெஃபிஷியன்ட். கட்டுமானம் நன்றாக இருந்தும் இன்றைய போக்குவரத்துக்கு அகலம் முதலியவை ஈடுகொடுக்காவிட்டால் அது ஃபங்ஷனலி அப்சலீட். மின்னியாபொலிஸ் நகரில் 2007 ஆகஸ்ட் 1 அன்று இடிந்து 13 பேர் உயிரிழக்கக் காரணமான பாலத்துக்கு 1990 முதலே முதலாவது முத்திரை இருந்தது. அந்தச் சொல்லைக் கேட்டவுடன் பாலம் நாளைக்கே விழுந்துவிடும் என்று பொருளன்று என்று பொறியாளர்கள் அதற்குப் பிறகு விளக்கிக்கொண்டே இருக்க வேண்டியதாயிற்று. ஒரே சொல்லைத் துறையினர் ஒரு பொருளிலும் ஊரார் வேறு பொருளிலும் கேட்பதால் வரும் தொல்லை இது. ஆய்வகப் பணியாளர் சொன்ன அச்சமும் இதே வகைதான்.

ஸ்கேன்ட்டி என்ற சொல்லைச் சென்னைக்காரர்கள் வானிலை அறிக்கையில் நிறையக் கேட்டிருப்போம். வழக்கமான மழையில் 20 முதல் 59 விழுக்காடு வரை குறைந்தால் டெஃபிஷியன்ட் என்றும், 60 முதல் 99 வரை குறைந்தால் ஸ்கேன்ட்டி என்றும் இந்திய வானிலை ஆய்வுத் துறை முன்பு வகைப்படுத்தியது. இப்போது இரண்டாவதை லார்ஜ் டெஃபிஷியன்ட் என்று மாற்றிவிட்டார்கள். எனக்கென்னவோ பழைய சொல்லே பிடிக்கும். காய்ந்த ஏரியின் வெடிப்பு அந்தச் சொல்லின் ஓசையிலேயே தெரியும்.

ஷார்ட்டேஜ், ஸ்கேர்சிட்டி ஆகிய இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை 2019ஆம் ஆண்டு எங்கள் ஊர் நன்றாகவே கற்றுக்கொண்டது. குழாயில் இரண்டு நாள் தண்ணீர் வராவிட்டால் அது ஷார்ட்டேஜ், தமிழில் தட்டுப்பாடு. தேவைக்கும் வரத்துக்கும் இடையே அப்போதைக்கு விழுந்த இடைவெளி. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வறண்டு, சோலையார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 இலட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு ஜூலை 12 அன்று வில்லிவாக்கத்துக்கு முதல் இரயில் வந்து நின்றபோது, அதை யாரும் தட்டுப்பாடு என்று சொல்லவில்லை. பஞ்சம் என்றார்கள். அதுதான் ஸ்கேர்சிட்டி. இவ்வளவு பெரிய நகரத்துக்கு அந்த ஒரு இரயில் தண்ணீர் யானைப்பசிக்குச் சோளப்பொரி என்று எங்கள் தெருவில் பேசிக்கொண்டார்கள். அந்தப் பழமொழியை ஆங்கிலத்தில் பெயர்க்க வேண்டுமானால் வோஃபுலி இன்அடிக்குவேட் என்பதைவிடப் பொருத்தமான தொடர் எனக்குத் தெரியவில்லை.

மீகர் என்பது மெலிந்தது என்ற வேரிலிருந்து வந்தது. சொற்பம் என்று வைத்துக்கொள்ளலாம், அதில் இரக்கம் உண்டு. பால்ட்ரி என்பதில் இரக்கம் இல்லை, இகழ்ச்சி உண்டு. “பிசாத்து ஐம்பது ரூபாய்க்கா இவ்வளவு பேச்சு” என்கிறோமே, அந்தப் பிசாத்துதான் பால்ட்ரி. ஆகவே அலுவலக அறிக்கையில் பால்ட்ரி வந்தால், எழுதியவர் கோபமாக இருக்கிறார் என்று பொருள்.

பதில் 5: பெரம்பூர், ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்

வால்வைப் பற்றிக் கீழ்ப்பாக்கத்துத் தோழர் எழுப்பிய மறுப்பை ஏற்கிறேன். மருத்துவம் தன் சொற்களை இலத்தீனிலிருந்து நேராக எடுத்துக்கொண்டு தனக்கென ஒரு பொருளை உறுதிப்படுத்திக்கொண்டது. நான் சொன்னது பொது வழக்கின் சாய்வே தவிர மீற முடியாத விதி அன்று. ஆங்கில நாளிதழ்களில் இன்சஃபிஷியன்ட் வரும் பல இடங்களில் இன்அடிக்குவேட் இட்டாலும் யாரும் குறை காணமாட்டார்கள். ஆனால் ஒரே பத்தியில் மூன்று வகைக் குறைகள் அடுத்தடுத்து வரும்போது, பிரித்துக் காட்டும் சொற்கள் இருந்தும் ஒன்றையே மூன்று முறை இடுவது வாசகருக்குச் செய்யும் தீங்கு.

மனிதரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஒருவர் தம்மைப் பற்றி ஐ ஃபீல் இன்அடிக்குவேட் என்று சொன்னால் அது மனத்தின் ஏக்கம். தாழ்வு மனப்பான்மைக்கு அடுத்த வீடு. அதே சொல்லைப் பிறர்மீது வீசினால் மிகக் கொடிது, ஏனெனில் அது வேலையை விட்டுவிட்டு ஆளையே எடைபோடுகிறது. வேலை தெரியாதவர் என்றால் இன்காம்பிட்டன்ட். செய்யத் தெரியாமல் சொதப்புபவர் என்றால் இனெப்ட். சோதித்துப் பார்த்ததில் தேறவில்லை என்று கண்ணியமாகச் சொல்ல ஃபவுண்ட் வான்ட்டிங் என்ற தொடர் உண்டு. விவிலியத்தின் தானியேல் நூலில், சுவரில் எழுதப்பட்ட எழுத்துக்கு விளக்கமாக வருவது அது. தமிழ் விவிலியம் அதைத் ‘தராசிலே நிறுக்கப்பட்டு, குறையக் காணப்பட்டாய்’ என்று பெயர்த்திருக்கிறது. ‘குறையக் காணப்படுதல்’ என்ற அந்தத் தொடரை நாம் ஏன் இன்று பயன்படுத்துவதில்லை என்பது எனக்கு இன்றும் புரியாத ஒன்று.

நம்மவர் அடிக்கடி தவறும் இடம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இல்லாமையைக் குறிக்கும் லேக், பின்தங்குவதைக் குறிக்கும் லேக் ஆகிய இரண்டும் ஆங்கிலத்தில் கடைசி ஒலியால் வேறுபட்டவை. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றாகவே விழுவதை இப்போது எழுதும்போதே பாருங்கள். அதனால்தான் ‘லேக்கிங் பிஹைண்ட்’ என்பதை இல்லாமைச் சொல்லின் எழுத்துகளோடு எழுதிய விடைத்தாள்களை ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் திருத்தியிருக்கிறேன். இல்லாமைச் சொல் வினையாக வரும்போது ஆஃப் கேட்காது என்பதையும் நினைவில் வையுங்கள். பெயராக வரும்போதுதான் கேட்கும்.

லிட்டில், எ லிட்டில் என்ற இரட்டையர் வந்தாலும் கலங்க வேண்டாம். “கொஞ்சம் தண்ணீர் இருக்கிறது” என்றால் குளிக்கலாம். “கொஞ்சந்தான் தண்ணீர் இருக்கிறது” என்றால் குளிக்கக் கூடாது. ஆங்கிலம் ‘எ’ என்ற ஓரெழுத்தை எடுத்துவிட்டுச் சொல்வதை நாம் ‘தான்’ என்பதைச் சேர்த்துச் சொல்கிறோம்.

கேள்வி கேட்டவர்: தரமணி மொழிபெயர்ப்பாளர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ‘ஈடுகொடுக்காது’ என்ற சொல் என் மேசைக் கண்ணாடிக்கடியில் ஏறிவிட்டது.

பொறியாளர் ஐயா விதிக்கப்பட்ட அளவைக் குறிப்பிட்டதைப் படித்தபின், வாட்டம் அந்த அளவுக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்று அறிக்கையை எழுதிய களப் பணியாளரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்டேன். அவர் சிரித்துவிட்டார். வாட்டம் குறைவாக இல்லையாம். ஒரு மூலையில் முப்பது அடி நீளத்துக்கு எதிர்ப்பக்கமாகவே சாய்ந்திருப்பதால், கால்வாய்க்குப் போக வேண்டிய நீர் தெருவுக்கே திரும்பி வருகிறதாம். “அதைத்தானே குறைபாடு என்று எழுதினேன்” என்றார்.

பாரிமுனை நண்பர் பிரித்துக் காட்டியதை நினைத்துக்கொண்டு, மேலதிகாரி எழுதிய டெஃபிஷியன்ட் என்பதை அடித்து டிஃபெக்டிவ் என்று எழுதி, எந்த மூலை, எவ்வளவு நீளம், எந்தப் பக்கம் சாய்வு என்பதையும் சேர்த்து இன்று காலை அனுப்பிவைத்தேன். மாலைவரை அவரிடமிருந்து மறுமொழி வரவில்லை.